தாயின் தட்டும் சேயின் நலமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள் பெரியோர். ஒரு குழந்தையின் உடலாகிய சுவர், அது பிறந்த பிறகு எழுப்பப்படுவது என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். உண்மையில் அதன் அடித்தளம் தாயின் வயிற்றில் இருக்கும் நாற்பது வாரங்களுக்குள்ளேயே போடப்பட்டு விடுகிறது. அதற்கு வேண்டிய கல்லும் மணலும் தாய் உண்ணும் உணவிலிருந்தே வருகின்றன.

“கர்ப்பிணிப் பெண் நன்றாகச் சாப்பிட வேண்டும்” என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்திதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோழியர் கேட்கலாம். இங்கே நாம் எடுத்துக் கொள்வது இரண்டு கேள்விகள். தாய் என்ன உண்கிறாள் என்பது முதற் கேள்வி. உண்டது குழந்தைக்குப் போய்ச் சேருகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடும்போதுதான் “அழற்சி” என்னும் சொல் நம் முன்னே வந்து நிற்கிறது.

பஞ்சாலைப் பெண்களும் ஒரு பெண் டாக்டரும்

இத்துறையில் நம் நாட்டிலேயே, அதிலும் நம் அண்டையிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியிலிருந்து தொடங்குவோம்.

1928-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து லூசி வில்ஸ் என்னும் பெண் மருத்துவ ஆராய்ச்சியாளர் பம்பாய்க்கு வந்தார். அங்குள்ள பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி, உயிரையும் இழந்து வந்தனர். காரணம் என்ன என்பதைக் கண்டறிவதே அவர் ஏற்ற பணி. சோதனைக்குழாயோடு நின்றுவிடாமல், அப்பெண்கள் என்ன உண்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் அவர் ஆராய்ந்தார். காய்கறி, கீரை, பழம், பால் ஆகியவை அவர்களுடைய உணவில் மிகவும் குறைவு என்பதைக் கண்டார்.

1929-இல் அவருடைய ஆராய்ச்சி நீலகிரியில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு மாறியது. உணவு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ராபர்ட் மெக்காரிசன் அப்போது அங்கே பணியாற்றி வந்தார். அந்த உணவு ஆராய்ச்சிக் கூடமே 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது. பம்பாய்ப் பெண்கள் உண்ட அதே வகை உணவை வில்ஸ் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் இரத்தசோகை வந்தது. சினையாக இருந்த எலிகள் குட்டி ஈனும் முன்பே இறந்தன. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தபோது அந்நோய் தடுக்கப்பட்டது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அந்த எலிகளுக்குப் பேன்கள் வழியாக ஒரு நோய்த்தொற்றும் இருந்தது பின்னர் தெரிய வந்தது. அப்படியானால் எலிகள் நலிந்தது உணவுக் குறையாலா, தொற்றாலா? எதற்கு எவ்வளவு பங்கு? இதைத் தெளிவாக்கக் குரங்குகளைக் கொண்டு சோதனையை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. பெருஞ்செலவில்லாமல் கிடைக்கும் “மார்மைட்” என்ற ஈஸ்ட் சத்து, நோயுற்ற குரங்கை வியக்கத்தக்க வகையில் தேற்றியது. பின்னர் அதே சத்து தாய்மார்களுக்கும் கொடுக்கப்பட்டு நல்ல பயன் தந்தது. 1931-இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் பணியாற்றிய இடம் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் “கோஷா ஆஸ்பத்திரி” என்று அழைக்கும் மருத்துவமனை. இப்போது அது அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனையாக விளங்குகிறது.

ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத சத்து “வில்ஸ் காரணி” என்று வழங்கப்பட்டது. 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதே சத்தைப் பசலை இனக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் “ஃபோலிக் அமிலம்” எனப் பெயரிட்டனர். 1945-இல் அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறையைக் கண்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். இன்று நம் ஊர்க் கர்ப்பிணிப் பெண்கள் விழுங்கும் சத்து மாத்திரைக்குள் பம்பாயும் குன்னூரும் சென்னையும் சேர்ந்து அடங்கியிருக்கின்றன என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

அழற்சி என்பது யாது?

குன்னூர் எலிகள் நமக்கு ஒரு குறிப்புத் தருகின்றன. உணவுக் குறையும் நோய்த்தொற்றும் ஒரே உடலில் ஒன்றாகக் குடியிருக்கக் கூடியவை. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

காலில் முள் குத்தினால் அவ்விடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறது. கிருமிகளை எதிர்க்க உடல் தன் படையை அங்கே அனுப்புவதன் அடையாளம் அது. இதுவே அழற்சி. முள் வெளியேறியதும் படை திரும்பிவிடும், வீக்கம் வடியும். இது நமக்கு நன்மை செய்யும் அழற்சி.

இன்னொரு வகை உண்டு. உமிக்குள் மறைந்து கனலும் நெருப்பைப் போல, வெளியே தெரியாமல் நாள் கணக்கில், மாதக் கணக்கில் நீடிப்பது. வலி, காய்ச்சல் எதுவும் இல்லாமலே இருக்கக் கூடும். சிறுநீர்ப் பாதையில் தங்கிய கிருமிகள், நாட்பட்ட ஈறு நோய், அளவு மீறிய உடற்கொழுப்பு, கட்டுப்படாத சர்க்கரை, புகையிலைப் புகை ஆகியவை இந்தக் கனலை ஊதி வளர்ப்பவை.

இந்தக் கனல் உணவை எப்படித் தடுக்கிறது? இரும்புச்சத்தை எடுத்துக் கொள்வோம். நம் கல்லீரல் “ஹெப்சிடின்” என்னும் ஒரு பொருளைச் சுரக்கிறது. 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் விஞ்ஞானிகள் இதை அறிந்தனர். குடலிலிருந்து இரும்புச்சத்து இரத்தத்துக்குள் செல்லும் வாயிலுக்கு இதுவே காவற்காரன். ஹெப்சிடின் கூடினால் வாயில் மூடும், குறைந்தால் திறக்கும். இயல்பான கர்ப்ப காலத்தில் இதன் அளவு குறைந்து, வாயில் அகலத் திறக்கிறது. தாய்க்கும் சேய்க்கும் இரும்புச்சத்து மிகுதியாக வேண்டும் என்பதால் இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. ஆனால் உடலில் அழற்சி இருந்தால் ஹெப்சிடின் கூடுகிறது. கிருமிகளும் இரும்பை உண்டு வளர்பவை ஆதலால், அவற்றுக்குக் கிடைக்காதவாறு உடல் இரும்பைப் பூட்டி வைக்கிறது. பகைவனுக்குச் சோறு போகக் கூடாது என்று களஞ்சியத்தைப் பூட்டினால் வீட்டுப் பிள்ளையும் பட்டினி கிடக்க நேரும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். தாய் கீரை உண்டும் மாத்திரை விழுங்கியும் இரத்தம் ஊறவில்லை என்றால், மறைந்திருக்கும் தொற்றையும் டாக்டர்கள் தேடுவது இதனால்தான்.

சேய்க்கு என்ன நேர்கிறது?

முதலாவது, இரும்புச் சேமிப்பு குறைகிறது. குழந்தை தன் முதல் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்தில் பெரும்பகுதியைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து பெற்றுச் சேமிக்கிறது. தாய்க்கே இல்லாதபோது சேய்க்கு எங்கிருந்து வரும்? குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெட்டாமல் குறைந்தது ஒரு நிமிடமேனும் பொறுத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதும், கொடியில் உள்ள இரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரட்டும் என்பதற்காகவே.

இரண்டாவது, எடை குறைகிறது. தாயின் இரத்தத்திலிருந்து சத்தையும் பிராண வாயுவையும் வாங்கிக் குழந்தைக்குத் தருவது நஞ்சுக்கொடி. அழற்சியால் அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெட்டால் வரத்துக் குறைந்து வளர்ச்சி தடைப்படும். பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைவாக உள்ள குழந்தையை எடை குறைந்த குழந்தை என்கிறோம். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர் இவ்வகையினர்.

மூன்றாவது, பிரசவம் முந்திக் கொள்கிறது. பிரசவ நேரத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் சில பொருள்கள் அழற்சியின்போதும் உண்டாகின்றன. தொற்று கருப்பையை எட்டினால் 37 வாரம் நிறையும் முன்பே வலி கண்டுவிடக் கூடும். குறைமாதக் குழந்தைக்கு நுரையீரல் முதிர்ந்திராது; உடற்சூடு நிற்காது; பால் குடிக்கும் வலுவும் இராது. அழற்சி குழந்தையின் உடலுக்குள்ளும் பரவினால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படலாம்.

நம் புதுச்சேரியின் நிலை

இதுவரை சொன்னது பசியின் கதை. நம் ஊரில் இன்னொரு கதையும் நடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் 1,13,000-க்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி புதுச்சேரியில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 26.3 பேருக்கு நீரிழிவு உண்டு. கோவா மட்டுமே நம்மைவிட மிகச் சிறிதளவு முன்னால் நின்றது. உடற்பருமனிலோ நாமே முதலிடம்; நூற்றுக்கு 53.3 பேர்.

கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டை அன்று. அளவு மீறும்போது அதுவே அழற்சிப் பொருள்களை இரத்தத்தில் கலக்கிறது. உண்ணாமல் நலிந்த தாயும், மிகுதியாக உண்டு பருத்த தாயும் வேறு வேறு வழியில் வந்து ஒரே கனலின் அருகில் நிற்கிறார்கள்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறினால் அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் கடந்து செல்லாது. எனவே குழந்தை தானே மிகுதியாக இன்சுலின் சுரந்து பருக்கிறது. பிறந்து கொடி வெட்டப்பட்டதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். இன்சுலினோ உடனே நிற்காது. அதனால் அக்குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக் கூடும். இதைத் தடுக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வெறும் வயிறாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்க்கிறார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. இம்முறையை நாடெங்கும் பரப்பிய சென்னை டாக்டர் வி. சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10 கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

புனே நகருக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் 1990-களில் கர்ப்பிணிப் பெண்களின் உணவை ஆராய்ந்தார்கள். கீரையும் பழமும் அடிக்கடி உண்ட தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகள் சற்றுப் பெரியவையாக இருந்தன. இன்னொரு வியப்பும் வெளிப்பட்டது. அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோதான், இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆயினும் எடை குறைந்த அளவுக்கு நம் குழந்தைகளிடம் கொழுப்புக் குறையவில்லை, தசையே குறைந்திருந்தது. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. பிற்காலத்து நீரிழிவுக்கு விதை இங்கேயே ஊன்றப்படுகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, அவர்கள் கருவுறும் முன்பிருந்தே ஒரு சிற்றுண்டியை நாள்தோறும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சாராருக்குக் கீரை, பழம், பால் சேர்ந்த சிற்றுண்டி. மற்றவர்களுக்குச் சத்துக் குறைந்த காய்களால் ஆனது. மொத்தமாகப் பார்த்தபோது குழந்தைகளின் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கருவுறுவதற்கு மூன்று மாதம் அல்லது அதற்கு முன்பே உண்ணத் தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தன. கர்ப்பகால நீரிழிவோ நூற்றுக்கு 12.4-லிருந்து 7.3 ஆகக் குறைந்தது.

மீனில் உள்ள ஒமேகா-3 என்னும் கொழுப்பு அழற்சியைத் தணிக்கும் இயல்புடையது. 2018-இல் பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், கர்ப்ப காலத்தில் அதைக் கூடுதலாகப் பெற்றவர்களிடையே 37 வாரத்துக்கு முந்திய பிரசவம் நூற்றுக்கு 11 பங்கும், 34 வாரத்துக்கு முந்தியது 42 பங்கும் குறைந்திருந்தன.

ஆனால் எல்லாச் சோதனையும் நாம் விரும்பிய விடையைத் தருவதில்லை. ஈறு நோய் உள்ள தாய்மார்க்குக் குறைமாதப் பிரசவம் மிகுதி என்று கண்டு, கர்ப்ப காலத்தில் ஈறுக்கு மருத்துவம் செய்து பார்த்தார்கள். 2006-இல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனையில் ஈறு குணமாயிற்று. குறைமாதப் பிரசவம் குறையவில்லை. இரண்டு பொருள்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. கனல் நெடுநாள் எரிந்த பிறகு இடையில் தண்ணீர் ஊற்றினால் போதாமலும் இருக்கலாம். மும்பைச் சிற்றுண்டியும் இதையே நினைவூட்டுகிறது: கருவுறும் முன்பே உடலைப் பேண வேண்டும்.

அடுப்பங்கரையில் நம் கடமை

கர்ப்பிணி “இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும்” என்பார்கள் சிலர். “குறைத்துச் சாப்பிட்டால் குழந்தை சிறுத்துச் சுகப்பிரசவம் ஆகும்” என்பார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. கூடுதலாக வேண்டுவது நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி. இரண்டு இட்டிலி, ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால் ஆகியவை சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும்.

முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, கேழ்வரகு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை எல்லாம் நம் கடைத்தெருவில் எளிதாகக் கிடைப்பவை. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்காது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றில் ஒன்றைச் சேர்த்துக் கொண்டால் நன்கு ஏற்கும். சாப்பாட்டோடு காப்பி, தேநீர் குடித்தால் அது கெடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். புலால் உண்ணாதவர் பாலையும் தயிரையும் விடலாகாது. பி-12 வைட்டமின் செடி கொடிகளில் கிடைப்பதில்லை.

கடலோரத்தில் வாழும் நமக்கு மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் இயற்கை தந்த செல்வம். விலை மலிவு, ஒமேகா-3 மிகுதி. குழம்பாக வைப்பது நல்லது. சுறாவைப் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். பால் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் வீடுகளில் இதை அன்போடு எடுத்துச் சொல்லலாம்.

ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிச் சுடும் பஜ்ஜி, வடை, டால்டா பலகாரம், மைதாப் பண்டம், சர்க்கரைப் பானம் இவை கனலுக்கு நெய் வார்ப்பவை. ஐரோப்பாவில் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அழற்சியைத் தூண்டும் வகை உணவை மிகுதியாக உண்ட தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கும் போக்கு காணப்பட்டது.

குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது. மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். மஞ்சள் மாத்திரை டாக்டரைக் கேளாமல் வேண்டாம். பப்பாளிக்காயின் பால்தான் தவிர்க்க வேண்டியது. பழங்கள் அனைத்துமே பகை என்று ஒதுக்கினால் இழப்பு நமக்கே.

நாம் இன்றே தொடங்க வேண்டியவை

கருவுற்ற 28 நாட்களுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான நரம்புக் குழல் மூடிவிடுகிறது. தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அப்போது அறிந்திருக்கவே மாட்டார்கள். ஃபோலிக் அமிலம் முன்பே உடலில் இருந்தாக வேண்டும். 2019-21 ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. கர்ப்பிணிகளில் 52 பேருக்கு. தாய்மைப் பருவத்தில் கொண்டு போய் இறக்கும் கடனை நாம் வகுப்பறையிலேயே சுமக்கத் தொடங்குகிறோம் என்பது இதன் பொருள். ஆகவே:

1. காலை உணவை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வரலாகாது.

2. வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒருமுறை தரும் நீல நிறச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்க வேண்டும். வாங்கிப் பையில் போட்டு மறந்து போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தோழியர் நினைவூட்ட வேண்டும்.

3. பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 ஆகிய நாட்களில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவற விடலாகாது. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். வெறுங்காலோடு நடப்பவரின் பாதம் வழியாகவே அது உள்ளே நுழைகிறது.

4. இரவிலும் பல் துலக்குவோம். தண்ணீர் தேவையான அளவு குடிப்போம். சிறுநீரை அடக்கி வைக்க வேண்டாம். எரிச்சல் கண்டால் வெட்கப்படாமல் அம்மாவிடம் சொல்வோம்.

5. வீட்டில் அக்காவோ அண்ணியோ கருவுற்றிருந்தால், மாதந்தோறும் சோதனைக்குத் துணை போவோம். எடை, இரத்த அழுத்தம், இரத்தம், சிறுநீர், சர்க்கரை ஐந்தும் பார்க்கப்பட்டனவா என்று கேட்போம். எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்பது அவளுடைய பங்காக இருக்கக் கூடாது. முதல் தட்டு அவளுக்கு.

தட்டாஞ்சாவடியில் வாழும் நமக்கு மருத்துவ உதவி தொலைவில் இல்லை. அருகே கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் இராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. தெருவுக்கு அருகிலேயே அங்கன்வாடியும் இருக்கிறது. வசதி இருந்தும் அறியாமையால் ஒரு குழந்தை நலிந்து பிறந்தால் அந்தக் குறைக்கு நாமும் பொறுப்பாவோம்.

பம்பாய்ப் பஞ்சாலையில் பெயர் தெரியாமல் நலிந்த பெண்களை முன்னிட்டு ஒரு சத்து கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சத்து இன்று நம் பள்ளிக்கே தேடி வருகிறது. அதைக் கைநீட்டி வாங்கி உண்பதும், அறிந்ததை நம் வீட்டு அடுப்பங்கரைக்குக் கொண்டு சேர்ப்பதும் நாளைய தாய்மாராகவும், செவிலியராகவும், மருத்துவராகவும் ஆகப் போகும் நம் கடமையாகும்.